சீட்டில் வந்த பெயர் ஜெயித்ததா, தோற்றதா?

ஒரு சங்கத்தில் செயலாளர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஓட்டு எண்ணி முடித்தால் ஆளுக்கு 34. "சரி, சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்" என்று யாராவது சொல்வார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். எடுக்கிற சீட்டில் இருக்கும் பெயர் ஜெயித்தவருடையதா, தோற்றவருடையதா என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிறீர்களா?

2024 பிப்ரவரி 27 அன்று ஹிமாசலப் பிரதேசத்தில் ஒரு ராஜ்யசபா இடத்துக்குத் தேர்தல். ஓட்டுப் போட்டவர்கள் 68 எம்.எல்.ஏ.க்கள். காங்கிரஸின் அபிஷேக் மனு சிங்விக்கு 34, பா.ஜ.க.வின் ஹர்ஷ் மகாஜனுக்கும் அதே 34. சீட்டுப் போட்டார்கள். வந்தது சிங்வியின் பெயர். ஜெயித்தவர் மகாஜன்!

தேர்தல் அதிகாரி ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தமில்லை. 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 65-ஆவது பிரிவு, சீட்டு யார் மேல் விழுகிறதோ அவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாகக் கிடைத்ததாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் ராஜ்யசபாவுக்கு விருப்ப வரிசைப்படி ஓட்டு. அந்தக் கணக்கில் ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே போவார்கள். அதனால் அங்கே சீட்டு, யாரை நீக்குவது என்று முடிவு செய்யவே போடப்பட்டது. ஒரே சீட்டு, இரண்டு அர்த்தம். பெயர் வந்தவர் தோற்றவர் என்பது சட்டத்துக்கும் பொது அறிவுக்கும் பொருந்தாது என்று சிங்வி உயர்நீதிமன்றம் போனார். இத்தனைக்கும் அவரே பெரிய வக்கீல்.

நாட்டின் மேல்சபைக்கே இந்த நிலை என்றால், நாலு பக்க பை-லா வைத்திருக்கும் குடியிருப்போர் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். "ஓட்டு சமமானால் குலுக்கல் முறை" என்று ஒரு வரி இருந்தாலே அதிசயம்.

குலுக்கலே வேண்டாம், தலைவர் இன்னொரு ஓட்டுப் போடட்டும் என்பவர்களும் உண்டு. 2013 கம்பெனி சட்டத்தின் டேபிள் எஃப் மாதிரி விதிகளில் போர்டு கூட்டத்துக்கு அப்படித்தான் இருக்கிறது (பி.காம். படித்தவர்கள் மனப்பாடம் செய்த சமாச்சாரம்). ஒரு தீர்மானத்துக்கு அது சரி. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அப்படிச் செய்தால் புதுச் செயலாளர் உறுப்பினர்களுக்கா, தலைவருக்கா, யாருக்குக் கடன்பட்டவர்? சீட்டால் வந்தவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. தோற்றவருக்கும் "எனக்கு ஆதரவு குறைவு" என்ற அவமானம் இல்லை. ஆனால் சீட்டு எடுத்த பிறகுதான் விதியைப் படித்தார்கள் என்றால் அந்த நிம்மதி போய்விடும்.

இதில் கெட்டிக்காரர்கள் உத்திரமேரூர்க்காரர்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் (கி.பி. 921) இருக்கும் குடவோலை முறை, சம ஓட்டை முறிக்க வந்ததில்லை, சபைக்கு ஆளெடுப்பதே அப்படித்தான். ஆனால் அந்த எச்சரிக்கையைப் பாருங்கள். ஓலையை எடுப்பது உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு சிறுவன். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை இருந்துவிடக் கூடாதே! அவன் படித்த பிறகு கூடியிருக்கும் பூசாரிகளும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும்.

இத்தனையும் ஓலையைக் குடத்தில் போடுவதற்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த விதிகள்.