சேனைத் தேன்

2025ஆம் ஆண்டு வைகாசியில் என் மூத்த மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. காரைக்காலில் கோடைப் புழுக்கம் தணியாத நாள். அஸர் தொழுதுவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். குழந்தையின் வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொல்லி நிமிர்ந்தபோது, என் லாத்தா ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைத் திறந்து என்முன் நீட்டினார். மலைத்தேன். அவருடைய மகன் சவூதியிலிருந்து வந்தபோது கொணர்ந்தது. இந்த ஒரு நாளுக்கென்றே ஆறு மாதமாக அலமாரியில் காத்திருந்தது.

"தம்பி, மூணு சொட்டு நாக்கிலே வை. ஓதினவன் கையாலே சேனை வச்சா பிள்ளையும் ஓதின பிள்ளையா வரும்" என்றார்.

சேனை வைக்கும் வழக்கம் தமிழ் மண்ணில் சமயம் கடந்தது. தாய்ப்பாலுக்கு முன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் தடவுவதும், வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்புவதும் ஊருக்கு ஊர் உண்டு. சில ஊர்களில் கழுதைப்பாலும் சங்கில் வந்து நிற்கும். நம்மவர் இதனைத் 'தஹ்னீக்' என்னும் சுன்னத்தோடு சேர்த்துப் பிணைத்துக் கொண்டனர். ஆனால் ஹதீஸில் வருவது பேரீச்சம்பழம். அஸ்மா (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைரைக் குபாவில் பெற்று அண்ணலாரின் மடியில் வைத்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கனியை மென்று குழந்தையின் மேலண்ணத்தில் தடவி துஆச் செய்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். தேன் நம் வீட்டு அலமாரியிலிருந்து பின்னர் வந்து சேர்ந்தது.

என் விரல் குப்பி வரை சென்று நின்றது. சற்று முன்புதான் தாதி ஒருவர், "தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது" என்று சொல்லிச் சென்றிருந்தார். முன்பொரு நாள் எனக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் இதற்குக் காரணம் கேட்டிருக்கிறேன். தேனில் சில வேளை ஒரு வகைக் கிருமியின் வித்துகள் உறங்கிக் கிடக்குமாம். வளர்ந்தவர் குடலில் அவை முளைப்பதில்லை. ஓராண்டு நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலம் கட்டும். பிறகு அழுகுரல் மெலியும், பால் உறிஞ்சும் வலு குன்றும், கழுத்துத் துவளும். முற்றினால் மூச்சே தடைப்படும். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்நோயை முதன்முதல் இனங்கண்டனர். தேனை வீட்டு அடுப்பில் சுட வைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. அரிதான நோய்தான். ஆயினும் நாவில் தடவாமலே தவிர்த்துவிடக் கூடிய ஒன்றுக்காக அந்த அரிதை ஏன் சோதித்துப் பார்க்க வேண்டும்?

ஒரு மௌலவியின் உள்ளத்தில் இங்கே ஒரு கேள்வி எழாமலிராது. சூரத்துன் நஹ்லில் தேனை மனிதர்க்கு நிவாரணம் என்று இறைவன் சொல்கிறானே? இக்கேள்வியை நான் பல இரவுகள் சுமந்ததுண்டு. மருந்தென்றால் அதற்கு வயதும் அளவும் வேளையும் உண்டு. நோன்பு நன்மையானது, அதற்காகப் பால்குடிப் பிள்ளையை யாரும் நோன்பு வைக்கச் சொல்வதில்லை. அதே சூராவில் தேனுக்குச் சற்று முன்னர், சாணத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலிருந்து வரும் தூய பாலைப் பற்றிய வசனம் வருகிறது. வரிசையில் பால் முந்தியது என்று மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். அதனை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

என் விரலைத் தடுத்தது உண்மையில் வேறொன்று. நாம் ஷாஃபிஈகள். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீயின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில், ஜீவனாம்சம் பற்றிய பகுதியில், ஈன்றவள் தன் பிள்ளைக்கு 'லிபஉ' ஊட்டுவது கடமை என்று வருகிறது. லிபஉ என்றால் பிரசவித்தவுடன் சுரக்கும் முதற்பால். பின்னைப் பாலை வேறொருத்தி ஊட்டலாம். முதற்பால் தாயின் மீது கடமை. நான் அந்த வரிக்குப் பல ஆண்டுகள் பொருள் சொல்லியிருக்கிறேன். "லிபஉ என்றால் சீம்பால்" என்பேன். மாணவர்கள் முகம் மலரும். அவர்கள் மனத்தில் ஓடுவது, பசு ஈன்ற வீட்டில் வெல்லமும் ஏலமும் இட்டுக் காய்ச்சும் சீம்பால். நானும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

1997இல் இதே மகள் பிறந்தாள். அவ்வாண்டும் அந்தப் பாடத்தை நடத்தினேன். வீட்டில் மூதாட்டிகள் கூடி, மஞ்சளாக இருக்கிறது, கெட்டுப்போன பால், பிள்ளைக்கு மாந்தம் வரும் என்று மூன்று நாள் பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டினார்கள். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர். வாசல் திண்ணையில் கிதாபை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். உள்ளே கொட்டப்படுவதுதான் என் மடியிலிருக்கும் சொல்லின் பொருள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நோயை எதிர்க்கும் ஆற்றல் செறிந்த அந்தச் சில தேக்கரண்டிப் பாலைப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டத் தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பிற்பாடு படித்தபோது வெட்கினேன்.

ஆகவே 2025இல் என் கணக்கு எளிதாயிற்று. தஹ்னீக் சுன்னத்து, லிபஉ வாஜிபு. வாஜிபு முந்தட்டும். குப்பியை மூடி லாத்தாவிடமே கொடுத்தேன். சட்டைப்பையில் கொண்டு வந்திருந்த பேரீச்சம்பழத்தைக் கையில் ஏந்திக் குழந்தைக்காக துஆச் செய்தேன். பழத்தைப் பெற்றவளுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, பிள்ளையை அவள் மார்பில் கிடத்தச் சொல்லி வெளியே வந்தேன்.

லாத்தா என் பின்னாலேயே வந்தார். "நீ ஆலிமா, டாக்டரா தம்பி? நமக்கெல்லாம் உம்மா சேனை வச்சாங்களே, நாம செத்தா போனோம்?" என்றார். பதில் ஒன்று என் நாவின் நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஏனெனில் நாங்கள் மூவர் பிறந்தோம், இருப்பது இருவர்.

1972இல் எங்களுக்கு ஒரு தம்பி பிறந்தான். எனக்கு அப்போது ஐந்து வயது. வாப்பா சிங்கப்பூரில் ஒரு கடையில் கணக்கெழுதினார். 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் வந்திறங்கும் ஊரார் ஒருவரிடம் ஒரு பெட்டி நிறையக் கெட்டிப்பால் டின்களும் ஒரு கண்ணாடிப் பால்புட்டியும் கொடுத்தனுப்பியிருந்தார். அதுவரை எங்கள் வீட்டில் பிள்ளைக்கு எதையேனும் புகட்ட வேண்டுமானால் பித்தளைப் பாலாடைதான். புட்டி வந்ததும் பாலாடை பரணுக்குப் போயிற்று. டின்னின் மூடியில் ஆணியால் இரண்டு துளையிட்டு, ஒரு கரண்டிப் பாலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கலக்குவார் உம்மா. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துப் போனார்கள். சபர் போன கணவர் அனுப்பிய சீமைப்பால்! உம்மாவின் முகத்தில் இருந்த பெருமிதம் இன்றும் நினைவிருக்கிறது. தம் பாலை அவர் மெல்ல மெல்ல நிறுத்திவிட்டார்.

தம்பிக்கு ஏழாம் மாதத்தில் வயிற்றுப்போக்குக் கண்டது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று எல்லாரும் சொன்னார்கள். உம்மா கொடுக்கவில்லை. நாவு வறண்டு, கண் குழி விழுந்து, உச்சிக்குழி பள்ளமாகி, மூன்றாம் நாள் சுப்ஹு நேரத்தில் போய்விட்டான். எஞ்சிய டின்களை உம்மா யாருக்கோ கொடுத்துவிட்டார். காலி டின் ஒன்று மட்டும் நெடுநாள் அரிசி அளக்கும் பாத்திரமாகக் கிடந்தது. அவர் மௌத்தாகும் வரை அந்தப் பிள்ளையின் பெயரை நாங்கள் அவர்முன் சொன்னதில்லை.

அந்தக் கெட்டிப்பாலின் எடையில் பாதிக்குச் சற்றே குறைவு சர்க்கரை. இனிப்புக் குறையும் வரை நீர் ஊற்றினால், வளரும் பிள்ளைக்கு வேண்டிய சத்து அதில் மிஞ்சாது. புட்டியின் கழுத்திலும் காம்பிலும் தங்கும் அழுக்கு வேறு. இவை 1972இல் புதிய செய்திகளல்ல என்பதுதான் என்னை உறுத்துகிறது. வாப்பா வேலை பார்த்த அதே சிங்கப்பூரில், 1939இல், சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் ரோட்டரி சங்கக் கூட்டமொன்றில் எழுந்து, குழந்தைக்கு ஏற்றதென்று கெட்டிப்பாலை விற்பதைக் கொலை என்றே சொன்னார். உரையின் தலைப்பே 'பாலும் கொலையும்'. முப்பத்துமூன்று ஆண்டுகளில் அச்சொல் அவ்வூர்க் கடைத்தெருவைக் கடந்து ஒரு கணக்கரின் காதுக்கு வரவில்லை. டின் மட்டும் கடல் கடந்து வந்தது.

பின்னர் உலகம் விழித்தது. 1981இல் தாய்ப்பால் மாற்றுகளின் விற்பனைக்கு உலக சுகாதாரப் பேரவை நெறிமுறை வகுத்தது. இந்தியாவில் 1992இல் சட்டம் வந்தது. குழந்தைப்பால் டின்களில் குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்கலாகாது, விளம்பரம் செய்யலாகாது என்றெல்லாம் விதித்தார்கள். தாய்க்குப் பால் இல்லாத, அல்லது ஊட்ட இயலாத நிலையில் மருத்துவர் அளவு சொல்லிக் கொடுக்கும் பாலை நான் குறை சொல்லவில்லை. அவ்வாறு ஊட்டும் தாய்மாரை ஏசுவாரும் நம்மிடையே உளர், அது பாவம். நாங்கள் பரணில் எறிந்த பாலாடையோ, உறிஞ்ச வலுவில்லாத எடை குறைந்த குழந்தைகளுக்கு இன்று மருத்துவமனைகளிலேயே பயன்படுகிறது.

ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாம் என்கிறார்கள். சித்திரை வெயிலில் தொண்டை வறளாதா என்று கேட்போர்க்கு ஒன்று சொல்வேன்: தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கய்யிம் அவர்கள் குழந்தை வளர்ப்புக்கென்றே எழுதிய 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' நூலில், பல் முளைக்கும் வரை பால் ஒன்றே போதும், வயிறு அதுவரை வலுவற்றது என்கிறார். படித்து வியந்தேன். ஆனால் அதே அத்தியாயத்தில், முதல் இரண்டு மூன்று நாள் தாயின் பால் கனமானது, வேறொருத்தியின் பாலே நன்று என்றும் எழுதியிருக்கிறார். அக்கால மருத்துவர் சொன்னதை அவர் எழுதினார். ஒன்றில் சரி, ஒன்றில் பிழை; இரண்டும் ஒரே பேனா. கிதாபில் உள்ள வைத்தியத்தை வைத்தியரிடம் காட்டிக் கேட்க வேண்டும் என்பதை நான் கற்றது அங்கேதான்.

2022 ஜூலை மாதத்தை எம்மூரார் மறந்திருக்க மாட்டார்கள். குடிநீரோடு கழிவுநீர் கலந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கில் விழுந்தனர். காலரா என்று உறுதியாயிற்று. 3ஆம் தேதி பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூன்று நாள் மூடினார்கள். அப்போது ஒரு காலையில் இளம்பெண் ஒருத்தி இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளையும் கையில் ஒரு தம்ளர் தண்ணீருமாக என் வாசலில் நின்றாள். ஓதி ஊதித் தர வேண்டும். பிள்ளையைப் பார்த்தேன். அதே குழிந்த கண்கள்.

"இது எந்தத் தண்ணீம்மா?"

"குழாய்த் தண்ணி, ஹஜ்ரத்."

"காய்ச்சினதா?"

அவள் விழித்தாள். எத்தனை ஆண்டுகள், எத்தனை தம்ளர்களில் கேட்காமலே ஊதியிருக்கிறேன்! அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றினேன். சுகாதார ஊழியர் வீட்டுக்கு வீடு கொடுத்துப் போயிருந்த உப்புக்கரைசல் பொட்டலம் இருந்தது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்தோம். அதன் பின் ஓதினேன். கரண்டி கரண்டியாகப் புகட்டச் சொல்லி, கையோடு மருத்துவமனைக்கும் அனுப்பினேன். பிள்ளை பிழைத்தான். இப்போது என் மதரஸாவில் 'அலிஃப்' எழுதுகிறான்.

அந்தப் பொட்டலத்தின் சூட்சுமம் எளியது. அளவான சர்க்கரை உப்பைத் தன்னோடு குடலுக்குள் இட்டுச் செல்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பொங்கான் முகாமில் சொட்டு மருந்து தீர்ந்துபோனபோது, திலீப் மகலனோபிஸ் என்னும் மருத்துவர் இதனைப் பீப்பாய்களில் கரைத்து உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. அது எங்கள் தம்பி போவதற்கு ஓராண்டு முந்திய நிகழ்ச்சி. ஒவ்வொரு முறை வயிறு போனபின்பும் இரண்டு வயதுக்குட்பட்டவர்க்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட சிறுவர்க்கு 100 முதல் 200 மில்லி. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கலாகாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கடைகளில் 'ஓஆர்எஸ்' என்னும் எழுத்துகளோடு இனிப்புச் சாறுகளும் விற்றன. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். அப்பெயரை இட்டுக்கொள்ளலாகாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடுத்தது.

வளர்ந்த பிள்ளைகளின் பானங்களைப் பற்றி நிறையச் சொல்ல என்னிடம் இல்லை. ஆறு மாதத்துக்குப்பின் காய்ச்சிய நீர் சிறிது சிறிதாக. பசும்பாலைப் பிரதான பானமாக்குவது ஒரு வயதுக்குப்பின். தாய்ப்பால் இரண்டாண்டு தொடரலாம். திருமறையும் முழுமையாக்க விரும்புவோர்க்கு அதே இரண்டாண்டைச் சொல்லி, பால்குடி மறப்பதைத் தாயும் தந்தையும் கலந்து பேசி முடிவு செய்யச் சொல்கிறது. நம் வீடுகளில் மூன்று வயதுப் பிள்ளையும் வாப்பாவின் கிளாஸில் தேநீர் உறிஞ்சுவதை மட்டும் கண்டிப்பேன். சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் அது தடுக்கிறது. மாவு பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாமென்று இணைய வணிகர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு சொன்னது. அதற்கு முன்பே என் மனைவி அந்த டப்பாவில் மிளகாய்த்தூள் போட்டு வைத்துவிட்டாள்.

லாத்தா ஒரு மாத காலம் என்னோடு பேசவில்லை. நாற்பது கழிந்த விருந்துக்கு வந்து, தலை நின்று கன்னம் உப்பியிருந்த பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது அந்தத் தேன் குப்பியை எங்கள் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போனார். அதில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. உம்மா கற்றுக்கொடுத்த அரபுத் தமிழ் எழுத்தில் பேரனின் பெயரை எழுதி, அதன் கீழே அவன் பிறந்த நாளையும் மாதத்தையும் அடுத்த ஆண்டின் எண்ணையும் குறித்திருந்தார்.