பதினோரு மணிக்குமேல் வந்து சேரும் காலை வண்டி

அயர்லாந்தின் தெற்கில், லிமெரிக் ஜங்ஷனிலிருந்து வாட்டர்ஃபோர்ட் வரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஒற்றைப் பாதை. பல ஆண்டுகளாக இதில் திசைக்கு இரண்டே பயணி வண்டிகள். ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. 2016இல் ரயில் நிறுவனமும் தேசியப் போக்குவரத்து ஆணையமும் வெளியிட்ட ஆய்வு, தொடர்ந்து நடத்தத்தான் வேண்டுமா என்று கேட்ட பாதைகளில் இதுவும் ஒன்று. ஆள் ஏறுவதில்லை என்பது காரணம். ஏறுவதில்லைதான். ஆனால் ஏறமுடியாத நேரத்தில் வண்டியை விட்டுவிட்டு, ஏறாதவர்களுக்கு ரயிலே வேண்டாம் என்று முடிவுகட்டுவது எந்த ஊர்க் கணக்கு?

ஜங்ஷன் வண்டி மாறும் இடம். டிப்பரரி அடுத்த நிறுத்தம். கேர் ஊரில் பாதை ஷூர் ஆற்றைத் தாண்டுகிறது. 2003 அக்டோபரில் சிமெண்ட் ஏற்றிய சரக்கு வண்டி இங்கே தடம்புரண்டு, பாலத்தின் ஒரு பகுதி இடிந்து பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. பாதையை மூட அதைவிட நல்ல சாக்கு கிடைத்திருக்காது. ஆயினும் செலவழித்துப் பாலத்தைச் சீராக்கி அடுத்த ஆண்டே திறந்தார்கள். அப்போது சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய வண்டிகளும் இவ்வழியே ஓடின. 2006இல் சர்க்கரை ஆலை மூடியதோடு அவை நின்றன. அதன்பின் பாதைக்குப் பயணிகளே கதி. அட்டவணை எழுதியவர்களுக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

கேரிலிருந்து க்ளான்மெல் வரையிலான துண்டுக்கு ரயிலைவிடப் பழைய வரலாறு உண்டு. இத்தாலியிலிருந்து வந்த சார்லஸ் பியான்கோனி 1815இல் தன் முதல் குதிரை வண்டியை ஓட்டியது இந்த இரண்டு ஊர்களுக்கிடையேதான். அயர்லாந்தின் பெரும் பகுதிக்குப் பரவிய பயணி வண்டிச் சேவை இங்கே தொடங்கியது. ரயில் 1852இல்தான் க்ளான்மெல் வந்தது. இன்று அங்கே 18,000 பேருக்குமேல் வாழ்கிறார்கள். கிழக்கே வாட்டர்ஃபோர்ட்டில் பெரிய மருத்துவமனை, 2022இல் உருவான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம், அலுவலகங்கள் எல்லாம் உண்டு. ஆனால் அந்தத் திசையின் முதல் வண்டி ஜங்ஷனிலிருந்து புறப்படுவதே ஒன்பதரைக்குமேல். போய்ச் சேரப் பதினோரு மணி தாண்டிவிடும். விடிகாலை வண்டி ஒன்று உண்டு, அது எதிர்த்திசையில் போகிறது. நர்ஸ் டியூட்டிக்கோ முதல் வகுப்புக்கோ போகிறவர் என்ன செய்வார்? கார் வாங்குவார். ஆண்டுதோறும் நவம்பரில் ஒருநாள் நடக்கும் ரயில் பயணிகள் கணக்கெடுப்பு, வண்டியில் உட்கார்ந்திருப்பவரைத்தான் எண்ணும். கார் வாங்கியவர் அதில் வரமாட்டார்.

ஒன்பது மணிக்குமுன் வாட்டர்ஃபோர்ட் சேரும் வண்டி வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் செலவு வலுவானது. பழைய சிக்னல் அறைகளுக்கும் கேட்டுகளுக்கும் ஆள் வேண்டும். விடியுமுன் வண்டி விட்டால் இன்னொரு ஷிப்ட் தேவைப்படும். மறுக்கவில்லை. ஆனால் விடிகாலை வண்டி ஏற்கெனவே ஒரு திசையில் ஓடுவதால் அந்நேரத்தில் பாதை தூங்கிக்கொண்டில்லை. க்ளான்மெல் போன்ற நிலையத்தில் கிராஸிங் வைத்து எதிர்வண்டியை விட, கூடுதலாக ஒரு வண்டியும் சில மணி நேரக் கூலியும் ஆகும். பஸ் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். இதே ஊர்களைத் தொட்டுச் செல்லும் 55ஆம் எண் பஸ் நாள் முழுதும் ஓடுகிறது. பயணம் செய்ய ஆள் உண்டென்பதற்கு வேறு சாட்சி எதற்கு? நேரத்தை மாற்றினாலும் கூட்டம் வராது என்போருக்கு என்னிஸ்–ஏதன்ரை பாதையைக் காட்டலாம். 2010இல் மீண்டும் திறந்தபோது வெறும் பெட்டிகள் என்று கேலிக்கு ஆளானது. 2016 ஆய்வின் சந்தேகப் பட்டியலிலும் இருந்தது. பிறகு அதில் பயணிகள் வெகுவாகக் கூடினார்கள். எல்லாக் கிராமப் பாதையும் அப்படி ஆகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. சோதித்துப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

காரிக்-ஆன்-ஷூர் தாண்டி வாட்டர்ஃபோர்ட்டில் வண்டி நின்றுவிடுகிறது. முன்பு பாதை அங்கிருந்து பாரோ ஆற்றின்மேல் 1906இல் திறந்த நீளமான பாலம் வழியாக ராஸ்லேர் துறைமுகம்வரை நீண்டது. அங்கே சேவை திசைக்கு ஒரே வண்டியாகத் தேய்ந்து, பயணிகள் இல்லையென்று 2010 செப்டம்பரில் நின்றது. 2024இல் முடிவுற்ற அனைத்துத் தீவு ரயில் ஆய்வு அந்தப் பாதையைத் திரும்பத் திறக்கச் சொல்கிறது. கிராமப்புறப் பாதைகளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வண்டியாவது வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கான பணமும் பெட்டிகளும் வரப் பல ஆண்டுகள் ஆகலாம். ஒன்பது மணிக்குமுன் வாட்டர்ஃபோர்ட் சேரும் ஒரு வண்டியை இரண்டு குளிர்காலம் ஓட்டிப் பார்க்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.