வாங்காத வண்டி, கட்டாத கடன்

வழக்கமா சுகர், பிபி, நாய்க்கடின்னு எழுதற நான் இன்னைக்குக் கடன் பத்தி எழுதறேன். கொஞ்சம் நீளம். நைட் டூட்டி முடிச்சுட்டு எழுதறதால அங்கங்க தாவும். பொறுத்துக்கோங்க நண்பர்களே.

2024 ஜூலை. கேஷுவாலிட்டி. சாணிப்பவுடர் கரைச்சுக் குடிச்ச ஒரு பொண்ணுக்கு ட்யூப் போட்டு வயித்தைக் கழுவிட்டு இருக்கோம். போன் விடாம அடிக்குது. பிளட் பேங்க்ல இருந்தா இருக்கும்னு எடுத்துட்டேன்.

"சார், வண்டி லோன் பாக்கி 31,640 இருக்கு. எப்ப கட்டறீங்க?"

"எந்த வண்டி?"

"தெரியாத மாதிரிப் பேசாதீங்க சார். டூ வீலர். 2013-ல எடுத்தீங்களே."

கட் பண்ணிட்டேன். மணி ராத்திரி 9:40. (காலை 8 மணிக்கு முன்னாடியும் இரவு 7 மணிக்குப் பின்னாடியும் கடன் வசூலுக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. அன்னைக்கு எனக்கு அது தெரியாது.)

உண்மையைச் சொல்லிடறேன். இந்த மாதிரிப் போன் எனக்குப் புதுசு இல்ல. ரெண்டு வருஷமா வந்துட்டே இருந்துச்சு. ராங் நம்பர்னு நினைச்சு ஒவ்வொரு நம்பரா பிளாக் பண்ணிட்டு இருந்தேன். கால்ல புண்ணு வந்து ஆறு மாசம் ஆறலை, ஆனாலும் சுகர் டெஸ்ட் பண்ணலைன்னு சொல்ற நோயாளியை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! நானும் அதேதான் பண்ணியிருக்கேன்.

அந்த மாசம்தான் ஒரு பழைய வீட்டுக்கு அக்ரிமெண்ட் போட்டிருந்தோம். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தரோட வீடு. ஜூலை 25-ல 2 லட்சம் அட்வான்ஸ். மூணு மாசத்துக்குள்ள கிரயம் முடிக்கலைன்னா அட்வான்ஸ் போயிடும். அரசு வேலை, மாசச் சம்பளம், ஒரு கடன் கிடையாது, லோன் கண்ணை மூடிட்டுக் கிடைக்கும்னு நினைச்சேன்.

பேங்க் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"சார், ஸ்கோர் 612 காட்டுது. ஒரு அக்கவுண்ட் ரிட்டன் ஆஃப்ல இருக்கு. வசூல் ஆகாதுன்னு தள்ளி வச்ச கடன். இதை வச்சுக்கிட்டு மேல அனுப்ப முடியாது."

என்னோடது இல்லைன்னு சொன்னேன். அவர் நம்பினார், அதையும் சொல்லணும். ஆனா அவர் சொன்ன வழி இது: "சின்னத் தொகைதானே சார். பேசிக் குறைச்சுக் கட்டிட்டு என்ஓசி வாங்கிட்டு வந்துடுங்க. நாம முடிச்சுடலாம்."

மறுநாள் வசூல்காரரே வழி காட்டினார். "ஒன் டைம் செட்டில்மெண்ட் போட்டுத் தர்றேன் சார். 9,000 கட்டிடுங்க, நாளைக்கே லெட்டர்."

வீட்டுல மனைவி சொன்னாங்க: "ரெண்டு லட்சம் போறதுக்கு ஒம்பதாயிரத்தைக் கட்டித் தொலைச்சுடலாம்ங்க."

கணக்கு சரிதான். கூகுள் பே வரைக்கும் போயிட்டேன். அப்புறம் ஏன் கட்டலைன்னா, அன்னைக்கு அது வெறும் வீம்பு. வாங்காத வண்டிக்கு நான் ஏன் கட்டணும்? காரணம் பிறகுதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். கட்டினா, அந்தக் கடன் என்னோடதுதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அதுவும் குறைச்சுக் கட்டினா ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு விழும். முழுசாக் கட்டாம பேரம் பேசி முடிச்சவர்னு அர்த்தம். 'க்ளோஸ்டு' வேற, 'செட்டில்டு' வேற. அடுத்த பேங்க் அதைப் பார்த்தும் முகம் சுளிக்கும்.

இப்ப மருத்துவம் கொஞ்சம். ஒருத்தருக்குப் பொட்டாசியம் 7.5-ன்னு லேப் ரிப்போர்ட் வருது. இதயம் நிக்கற அளவு அது. ஆனா ஆள் எதிர்ல உட்கார்ந்து வடை சாப்பிட்டுட்டு இருக்கார். ஈசிஜி நார்மல். அப்ப என்ன பண்ணுவோம்? ரத்தம் எடுக்கும்போது செல் உடைஞ்சுடுச்சா, பாட்டில்ல பேர் மாறிடுச்சான்னுதான் முதல்ல பார்ப்போம். ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு அவரோட சண்டை போட மாட்டோம்.

அந்தப் புத்தி என் விஷயத்துல வர ஒரு வாரம் ஆச்சு. அதுவரை ஸ்கோரை மட்டுமே பார்த்துட்டு இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை முழு ரிப்போர்ட்டையும் பிரிண்ட் எடுத்து வரி வரியாப் படிச்சேன்.

விஷயம் முதல் பக்கத்துலயே இருந்துச்சு.

அடையாள ஆவணங்கள்ல என் பான் நம்பர் இருக்கு. கீழே ஒரு வாக்காளர் அட்டை எண். அது என்னோடது இல்ல. முகவரிகள்ல மூணு என்னோடது. நாலாவது, டெல்டா பக்கம் நான் கால் வைக்காத ஒரு ஊர். கடன் தொடங்கின தேதி 2013 மார்ச். அப்ப நான் எம்பிபிஎஸ் இறுதி ஆண்டு, ஹாஸ்டல் வாசம். வண்டி இல்ல, லைசென்ஸே இல்ல.

என் பேரும் இனிஷியலும் பிறந்த தேதியும் கொண்ட இன்னொருத்தர் அங்க இருக்கார். ரெண்டு பேரோட கணக்கையும் கம்ப்யூட்டர் ஒண்ணா ஒட்டிடுச்சு.

இது நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே இருக்கற வில்லங்கம் நண்பர்களே. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. முருகன்னு ஒருத்தர்னு வச்சுக்கோங்க. பள்ளிச் சான்றிதழ்ல எஸ். முருகன், பான்ல முருகன் சுப்பிரமணி, பேங்க்ல முருகன் எஸ். ஒரே ஆள் மூணு பேராத் தெரிவார், மூணு முருகன் ஒரே ஆளாவும் தெரிவாங்க. பிறந்த தேதி அதைவிட. எங்க ஊர்ல ஸ்கூல்ல சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் வச்சதுதான் தேதி. எனக்கு ஜூன் மாசம் வச்சார். அம்மா கணக்குப்படி நான் பொறந்தது ஐப்பசி அடைமழையில. ஜூன்ல 'பொறந்தவங்க' தமிழ்நாட்டுல எத்தனை பேர்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க.

ஆகஸ்ட் 5-ஆம் தேதி, ரிப்போர்ட் கொடுத்த நிறுவனத்தோட தளத்துல 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல'ன்னு டிஸ்ப்யூட் போட்டேன். பத்து நிமிஷ வேலை. காசு கிடையாது. முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

24-ஆம் தேதி பதில்: கடன் கொடுத்த நிறுவனம் விவரம் சரிதான்னு உறுதி செஞ்சுட்டாங்க. மாற்றம் இல்லை.

அன்னைக்கு வந்த கோபத்துக்கு ஓபி நோயாளிங்க ரெண்டு பேர் பாவம் வாங்கிக் கட்டிக்கிட்டாங்க.

இங்கதான் பலர் விட்டுடறாங்க. ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். ரிப்போர்ட் தயாரிக்கிற நிறுவனம் தானா எதையும் அழிக்க முடியாது. கடன் கொடுத்தவங்க கிட்ட கேட்கும். அங்க இருக்கறவர் தன்னோட திரையில கடன் இருக்கான்னு பார்ப்பார். இருக்கும். 'ஆம், சரி'ன்னு அனுப்பிடுவார். அந்தக் கடன் இருக்கறது உண்மைதானே. அது யாரோடதுன்னு அவர் பார்க்கறதில்ல.

அதனால ரெண்டாவது தடவை கேள்வியை மாத்தினேன். செப்டம்பர் 2. கடன் கொடுத்த நிறுவனத்தோட குறைதீர் அதிகாரிக்கு மெயில், கூடவே ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால். ரிப்போர்ட் நிறுவனத்துக்கும் ஒரு காப்பி. 'இது என் கடன் இல்லை'ன்னு நிறுத்தலை. கடன் விண்ணப்பத்தைக் காட்டுங்க, அதுல இருக்கற கையெழுத்தைக் காட்டுங்க, எந்த அடையாள அட்டையை வாங்கிக் கடன் கொடுத்தீங்க, வண்டியோட ஆர்சி யார் பேர்ல இருக்குன்னு கேட்டேன். என் வாக்காளர் அட்டை, பான், நாலு இலக்கம் மட்டும் தெரியற ஆதார், 2013-ல நான் ஹாஸ்டல்ல இருந்ததுக்குக் கல்லூரிச் சான்றிதழ் எல்லாம் இணைச்சேன். ஒரு நோட்டுல கேஸ் ஷீட் மாதிரி தேதி போட்டு எழுதி வச்சேன். யார் பேசினாங்க, எத்தனை மணிக்கு, புகார் எண் என்ன. போன்ல பேசினதை எல்லாம் மெயில்லயும் போட்டுடுவேன்.

சட்டம் நம்ம பக்கம் இருக்குங்க. 2005-ஆம் வருஷத்துக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டப்படி, தப்பான தகவலைத் திருத்தச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கு. 30 நாள் கெடு. கடன் கொடுத்தவங்க 21 நாளுக்குள்ள திருத்தி அனுப்பணும், மிச்ச நாள்ல ரிப்போர்ட் நிறுவனம் முடிக்கணும். 2024 ஏப்ரல் 26-ல இருந்து இன்னொண்ணும் சேர்ந்திருக்கு: 30 நாள் தாண்டினா, தாண்டின ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தரணும். தாமதம் யாரால வந்துச்சோ அவங்க தரணும்.

அக்டோபர் 2. முப்பது நாள் முடிஞ்சது. பதில் இல்ல.

4-ஆம் தேதி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைன்ல புகார் போட்டேன். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்ல. வழி தெரியலைன்னா 14448-க்குப் போன் பண்ணிக் கேட்கலாம். 2022 செப்டம்பரில் இருந்து ரிப்போர்ட் நிறுவனங்கள் மேலயும் அங்க புகார் செய்யலாம். ஆனா முதல்ல அவங்க கிட்டயே எழுதிக் கேட்டிருக்கணும். பதில் வராம 30 நாள் ஆகியிருக்கணும், இல்ல வந்த பதில் திருப்தி இல்லாம இருக்கணும். என் நோட்டு அங்கதான் உதவுச்சு.

நடுவுல வாத்தியார் வீட்டுக்குப் போய் ஒரு மாசம் தவணை கேட்டேன். "டாக்டர் தம்பி, நீங்க ஏமாத்தற ஆள் இல்லன்னு தெரியும். ஆனா எனக்கும் பொண்ணு கல்யாணம் இருக்கே"ன்னார். 20,000 கூடக் கேட்டார். கொடுத்தேன். அவர் மேல தப்பு சொல்ல முடியாது. ஆனா அந்த இருபதாயிரம் எந்த ரிப்போர்ட்லயும் வராது, யாரும் திருப்பித் தர மாட்டாங்க.

அக்டோபர் 18. மெயில். ரெண்டு வரி. 'மேற்படி கணக்கு தங்களுக்கு உரியதல்ல என்று கண்டறியப்பட்டது. திருத்தம் அனுப்பப்பட்டுள்ளது.' வருத்தம் ஒரு வார்த்தை இல்ல. அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துப் பத்திரமா வச்சிருக்கேன். நீங்களும் வச்சுக்கோங்க, தப்பு திரும்ப ஒட்டிக்கிறது உண்டு.

ஸ்கோர் 771. வீட்டு லோன் வந்துச்சு. 16 நாள் தாமதத்துக்கு 1,600 ரூபாய் கணக்குல விழுந்துச்சு. நைட் டூட்டி டீமுக்குப் பரோட்டா.

இதைக் கேள்விப்பட்டு எங்க ஸ்டாஃப் நர்ஸ் அக்கா வந்தாங்க. "சார், என்னுதும் தப்பாத்தான் இருக்கு, எடுத்துக் கொடுங்க." பார்த்தோம். கொழுந்தனார் வாங்கின கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவர் கட்டலை. அது இவங்க ரிப்போர்ட்ல ஏறியிருக்கு. அநியாயமாத் தெரியும். ஆனா தப்பான பதிவு இல்ல. உண்மையான பதிவை எந்தப் புகாரும் எடுக்காது. அதைச் சொல்றது கஷ்டமா இருந்துச்சு. அவங்க கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. "அந்தக் கையெழுத்து போட்டப்ப டீ கூட வாங்கித் தரலை சார்"னாங்க.

கரண்ட் கம்பத்துல 'கிரெடிட் ஸ்கோர் ஏத்தித் தரப்படும்'னு நோட்டீஸ் ஒட்டியிருக்கும் பாருங்க, அவங்களும் உண்மையான பதிவை எடுக்க முடியாது. தப்பான பதிவா இருந்தா, நான் பத்து நிமிஷத்துல இலவசமாப் போட்ட அதே புகாரை உங்க பான், ஓடிபி எல்லாம் வாங்கிக்கிட்டுப் போடுவாங்க.

எங்க பார்க்கறதுன்னு கேட்பீங்க. எல்லாத்தையும் ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி நாம 'சிபில்'னு சொல்றோம். உண்மையில சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க்னு நாலு நிறுவனங்கள். 2017-ல இருந்து ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும். அவங்க சொந்தத் தளத்துலயே எடுங்க. நாலையும் எடுங்க, தப்பு ஒண்ணுல இருந்து இன்னொண்ணுல இல்லாமலும் இருக்கும். ஸ்கோரை விடுங்க, முதல் பக்கத்து முகவரியைப் படிங்க.

நவம்பர்ல திரும்பவும் ஒரு போன். இந்தத் தடவை பகல். புதுப் பையன், குரல்லயே தெரிஞ்சது. அதே வண்டி, அதே 31,640. நான் சத்தம் போடலை. மெயில்ல இருந்த புகார் எண்ணையும் தேதியையும் வாசிச்சேன். பையன் எழுதிக்கிட்டான்.

"சரிங்க சார், சாரி சார். அப்ப அந்த இன்னொருத்தர் எங்க இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

பழைய ரிப்போர்ட் மேஜை டிராயர்லதான் இருந்துச்சு. கதவு எண், தெரு, ஊர் எல்லாம் இருக்கு.

தெரியாதுப்பான்னு சொல்லி வச்சுட்டேன்.