ஒன்றரை சதவீதம்

கொல்லிமலையில் ஒரு முதலாளிக்காக மிளகு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது என்று தெரிந்தும் அதை வைத்தே எடை கழித்தேன். கழிவில் போனதெல்லாம் விவசாயிகளின் காசு. விவரம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஏனென்றால், அதற்கு முன் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருந்தவன் நான். 1998-இல் சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தர மேலாண்மைக்காக வழங்கப்படும் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது. அதன்பின் எங்கள் தொழிலில் தரத்தைப் பற்றிப் பேசாத நாளில்லை. ஷிஃப்ட் தொடங்கும்போது ஸ்லிப் கேஜ் என்ற அளவுக்கட்டையை வைத்து மைக்ரோமீட்டரைச் சரிபார்க்காமல் ஒரு பீஸையும் அளக்க விடமாட்டார்கள். 1924-இல் அமெரிக்கரான வால்டர் ஷூஹார்ட் வகுத்துக் கொடுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தில் புள்ளிகள் திடீரென ஒரே பக்கம் ஏறினால், பீஸைக் குறை சொல்லுமுன் அளந்த கருவியைப் பார்க்கவேண்டும். புதிதாகச் சேரும் பையன்களுக்கு இந்தப் பாடத்தை எடுத்தவனே நான்தான்.

கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பார்கள். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் கழிவு வைப்பது வியாபாரத்தில் நியாயம்தான். எங்கள் கணக்கில் 12 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் குவிண்டாலுக்கு ஒரு கிலோ கழிவு.

ஒரு பருவத்தில் யார் மூட்டையில் எடுத்தாலும் மீட்டர் 13-க்கு மேலேயே காட்டியது. செம்மேட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, போன வருசமும் இதே களத்துலதான் காயவச்சேன். அப்ப இல்லாத ஈரம் இப்ப எங்கிருந்து வந்துச்சு?”

“மலையில பனி ஜாஸ்திங்க ஐயா” என்று சொல்லி ரசீதை நீட்டினேன்.

மனசு கேட்காமல் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மிளகைச் சும்மா சூடாக்கி எடைக்குறைவை வைத்து ஈரம் கணக்கிட்டால் தப்பாகிவிடும்; தண்ணீரோடு வாசனை எண்ணெயும் சேர்ந்து ஆவியாகும். அதனால் டொலுயீனில் கொதிக்கவைத்து, பிரிந்து வரும் தண்ணீரை மட்டும் கண்ணாடிக் குழாயில் அளப்பார்கள். முடிவு 11.8 என்று வந்தது. அதே மிளகுக்கு என் மீட்டர் காட்டியது 13.3.

அறிக்கையை மடித்து மேசைக்குள் போட்டேன். பருவம் முடியும்வரை அதே மீட்டர், அதே கழிவு. காசு ஒரு காரணம். தவறு என்று ஒப்புக்கொண்டால் முதலாளியிடம் பேசி, கழித்ததை அத்தனை பேருக்கும் திருப்பிக் கொடுக்கவேண்டும். அந்தச் சங்கடம் இன்னொரு காரணம். எல்லாவற்றையும்விட, எதிரே நிற்கிற மலைவாழ் விவசாயி ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வார் என்ற தைரியம். ஓசூரில் தணிக்கைக்கு வருபவர் முன்னால் இதைச் செய்திருக்கவே மாட்டேன்.

மீட்டர் கூடுதலாகக் காட்டியது பிழை. தெரிந்த பிறகும் நான் கழித்தது களவு.

மிளகு விற்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தராசில் முத்திரை பார்க்கிற மாதிரி ஈரம் பார்க்கும் மீட்டருக்கும் கணக்குக் கேளுங்கள். கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அதற்குச் சீட்டு எங்கே? சாக்கின் மேலே, நடுவே, அடியில் எடுத்துக் கலந்து அளக்கச் சொல்லுங்கள். பதில் சொல்லாமல் மழுப்புகிறவரிடம் மூட்டையை இறக்காதீர்கள்.