பாடத்திட்டமும் பரீட்சையும்

எதனைக் கற்பிக்க வேண்டும் என்று பாடத்திட்டம் கூறுகின்றது. எது கற்கப்படும் என்பதைப் பரீட்சையே தீர்மானிக்கின்றது. நம் நாட்டில் உயர்தர உயிரியற் கல்வி கடந்து வந்த பாதையை நோக்குவோர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படும்.

நான் வெள்ளவத்தையில் மாணவனாயிருந்த காலத்தில் உயர்தரத்தில் உயிரியல் என்றொரு பாடம் இருக்கவில்லை. தாவரவியல், விலங்கியல் எனப் பாடங்கள் இரண்டு, ஆசிரியர்களும் இருவர். 2000 ஆம் ஆண்டளவில் உயர்தரப் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டபோது அவ்விரண்டும் ஒன்றாயின. கொட்டாஞ்சேனையில் நான் ஆசிரியனாகக் கற்பித்தது இப்புதிய பாடத்தையே. பின்னரும் திருத்தங்கள் தொடர்ந்தன. இறுதியாக, 2017 இல் 12 ஆம் தரத்தில் அறிமுகமான திட்டத்துக்கு 2019 இல் முதற் பரீட்சை நடைபெற்றது. மூலக்கூற்று உயிரியலும் பிறப்புரிமைத் தொழினுட்பமும் உரிய இடம் பெற்றமை மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும், பாடம் மாறிய அளவுக்குக் கற்கும் முறை மாறவில்லை. ஒரு சமயம் என் வகுப்பில் உறிஞ்சன்மானியை வரையுமாறு கூறினேன். பெரும்பாலோர் ஒரு குறியீடும் தவறாமல் வரைந்தனர். கிளையை நீரினுள் வைத்தே வெட்ட வேண்டும் என்பதையும், காழினுள் வளி புகாதிருக்கவே அவ்வாறு செய்கின்றோம் என்பதையும் எழுதினர். உபகரணத்தைக் கண்டோர் ஒருவருமிலர். அடுத்த நாள் அதனைப் பொருத்தி, மின்விசிறியை இயக்கியபோது குழாயில் வளிக்குமிழி விரைந்து நகர்ந்தது. வகுப்பு ஒரு கணம் வாயடைத்து நின்றது. “கடற்கரையின் ஈரக்காற்றில் இது மெல்ல நகருமோ சேர்?” என்றாள் ஒரு மாணவி. அவ்வாண்டு முழுவதிலும் நான் கேட்ட சிறந்த வினா அதுவே. அவளுக்கு நான் விடை கூறுமுன், பின்வரிசையிலிருந்து மற்றொரு வினா எழுந்தது: “இது சோதினைக்கு வருமா சேர்?”

இரண்டாவது வினாவைக் கேட்ட மாணவனைக் குறை கூறுதல் பொருந்தாது. அவன் தன் நிலையை நன்கு அறிந்தவன். முதலாம் வினாத்தாளில் 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரைகள் நான்கு, கட்டுரைகள் நான்கு. செய்முறைப் பரீட்சை இல்லை. தமிழ்மொழி மூலம் கற்பவனுக்கு மேலும் ஓர் இடர் உண்டு. தமிழகத்து நூல்கள் ‘செல்’ என்றும் ‘ஒளிச்சேர்க்கை’ என்றும் வழங்குவனவற்றை நாம் ‘கலம்’ என்றும் ‘ஒளித்தொகுப்பு’ என்றும் வழங்குகின்றோம். ஆகவே அந்நூல்கள் அவனுக்கு எளிதிற் கைகொடா. ஆங்கில நூல்களோ பலருக்கு எட்டாதவை. எஞ்சுவது தனியார் வகுப்பின் குறிப்புகளும் பழைய வினாத்தாள்களின் புள்ளியிடும் திட்டமுமே. மாலை வேளைகளில் வெள்ளவத்தை வீதிகளில் அக்குறிப்புகளைச் சுமந்து செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் கடந்து செல்லும் கால்வாயோ எவரும் திறவாத ஒரு பாடநூலாகவே கிடக்கின்றது.

அவ்வாறாயின் செய்முறைக்குரிய புள்ளிகளைப் பாடசாலையே வழங்கலாமே எனச் சிலர் வினவுவர். கேட்பதற்கு இனிய யோசனையே. ஆனால் ஆய்வுகூடம் நிறைந்த கொழும்புப் பாடசாலையும் நீர்க்குழாயே இல்லாத கிராமப் பாடசாலையும் ஒரே அளவுகோலால் எவ்வாறு அளக்கப்படும்? எழுபதுகளின் தரப்படுத்தலை நினைவிற் கொண்ட சமூகம் சுட்டெண்ணை மட்டும் தாங்கிய விடைத்தாளையே நம்பும். அந்நம்பிக்கையும் எளிதிற் குலையக்கூடியது. 2011 இல் பழைய, புதிய பாடத்திட்டங்களின்படி தோற்றியோரை ஒன்றுசேர்த்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. 2012 இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்காது, தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. அதுவரை மாணவர் பலர் பல்கலைக்கழக வாயிலில் நிலையறியாது காத்திருந்தனர். பாடத்திட்டத் திருத்தம் என்பது வெறுந் தாளில் நிகழும் மாற்றமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எனவே, எழுத்துப் பரீட்சையைக் கைவிடாது அதன் வினாக்களை மாற்றுவதே தக்க வழியென்பது என் கருத்து. மாணவர் முன்னர் கண்டிராத ஓர் அவதானத்தை வினாத்தாளிற் கொடுத்து, அதற்கு விளக்கம் கேட்கலாம். கடற்கரையிலும் உள்நாட்டிலும் பெற்ற உறிஞ்சன்மானி அளவீடுகளைத் தந்து, அவை ஏன் வேறுபடுகின்றன என வினவலாம். இத்தகைய வினாவை எந்தக் குறிப்புப் புத்தகமும் முன்கூட்டியே தர இயலாது. உபகரணம் இல்லாத பாடசாலையின் மாணவனும் சிந்திக்கப் பழகியிருந்தால் விடை எழுதுவான். விடைத்தாள் திருத்துவோர்க்கு இது கூடுதற் சுமையே. எதிர்பாராத சரியான விடைகளும் வருமாதலால் புள்ளியிடும் திட்டமும் அவற்றுக்கு இடமளித்தல் வேண்டும்.

பாடத்திட்டத்தை வகுப்பது மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம். பரீட்சையை நடத்துவது பரீட்சைத் திணைக்களம். வினாத்தாள் ஆக்குவோரிலும் விடைத்தாள் மதிப்பிடுவோரிலும் பல்கலைக்கழகத்தார் உளர். இவ்விதழைப் படிக்கும் மாணவருட் சிலர் நாளை அப்பணியை ஏற்கக்கூடும். அன்று அவர்கள் எழுதும் ஒரு நல்ல வினா, பாடத்திட்டத்தின் பல பக்கங்கள் செய்யமாட்டாத மாற்றத்தை வகுப்பறையிற் செய்யும்.