துருப்பிடித்த விளக்கு



திருப்பதி மாவட்டத்துப் புத்தூர், எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன ஊர். தூரத்து ஜனங்களும் அக்கட்டை நாடி அங்கே வருவதுண்டு. அந்த ஊரிலேயே வாழும் என் தாயாரின் மணிக்கட்டிலும் ஒருநாள் கட்டைக் கண்டேன். இரவில் கொல்லைப்புறம் சென்றபோது இருளில் இடறி விழுந்திருக்கிறார்கள்.

"டார்ச் எங்கே அம்மா?" என்றேன்.

"அது எரிந்து வெகுநாளாயிற்றப்பா. உன் ஊழியத்துக்கு இடைஞ்சல் எதற்கென்று சொல்லவில்லை" என்றார்கள்.

நான் வாங்கிக் கொடுத்த டார்ச் அது. திறந்தேன். பேட்டரி கசிந்து, சுருள்கம்பியின்மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தது. அவை அல்கலைன் பேட்டரிகள். அவற்றிலிருந்து கசிவது காரம். கையுறை அணிந்து அவற்றை அகற்றினேன். எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சால் தொட்டதும் பொருக்கு மெல்ல நுரைத்துக் கரைந்தது. வினிகரும் இதையே செய்யும். பின்பு ஈரத்துணியால் துடைத்து, நன்றாய் உலர்த்திப் புதிய பேட்டரிகளை இட்டேன். விளக்கு எரிந்தது.

துருவேறிய இரும்புத் திருகாணிகளையும் சாவிகளையும் ஓர் இரவு வினிகரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். மீந்த அமிலம் நீங்கச் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். இல்லையேல் துரு திரும்பவும் பற்றும். முலாம் பூசிய பொருட்களை நெடுநேரம் ஊறவைக்கலாகாது. ஒன்றை மறவாதிருங்கள்: பிளீச்சிங் பவுடரை வினிகருடனோ கழிவறை அமிலத்துடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு உயிருக்கே ஆபத்தானது.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் துருவைக்குறித்து ஆண்டவர் உரைத்ததைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அப்போதெல்லாம் பொன்னையும் பணத்தையுமே நினைத்தேன். மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டு, ஒருமுறையேனும் அந்த விளக்கைத் திறந்து பாராத என் நெஞ்சிலும் துரு ஏறியிருந்ததை அன்றுதான் உணர்ந்தேன். பொருக்கைக் கரைக்க ஓர் எலுமிச்சம்பழம் போதுமாயிருந்தது. தாயாரின் கைக்கட்டை அவிழ்க்கவோ வாரங்கள் சென்றன.

பட்டணத்தில் பிழைக்க வந்த பிரியமானவர்களே, இம்முறை ஊருக்குப் போகும்போது புதிய பேட்டரிகளை எடுத்துச் செல்லுங்கள். பெற்றோரின் விளக்கை உங்கள் கையாலேயே திறந்து பாருங்கள். அவர்கள் சொல்லாமல் மறைத்ததையும் அருகிலிருந்து கேளுங்கள். கர்த்தர் உங்கள் வீட்டாரை இருளில் இடறாமல் காப்பாராக. ஆமென்.