தேதி மாத்த 470 வெள்ளியா? யாத்திரை டிக்கெட் கணக்கு



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அடுத்த தமிழ்நாட்டு யாத்திரைக்குப் பெயர் எடுக்கப் போறோம்னு அறிவிச்சோம். நாங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வாட்ஸாப்பில் பதினோரு மெசேஜ். அதில் ஏழு பேர் கேட்டது ஒரே கேள்வி: "தேதி மாத்தணும்னா காசு கட்டணுமா?" ஒரு மெசேஜ் மட்டும் கொஞ்சம் காரம்: "போன தடவை மாதிரி 470 வெள்ளி கேட்பீங்களா?"

கேட்டவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அந்த 470 வெள்ளி எங்கே போச்சு என்று நாங்கள்தான் சபையில் ஒழுங்காகச் சொல்லவே இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறோம். பதிவு நீளம், கோபி கலக்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

2020-ல் பங்குனி உத்திரத்துக்குப் பழனி போவதாக 19 பேர் கிளம்பத் தயாராக இருந்தோம். உத்திரம் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தது. ஆளுக்கு 1,080 வெள்ளி கட்டி டிக்கெட் எடுத்தாச்சு. பினாங்கு, கோலாலம்பூர், அங்கிருந்து சென்னை. மார்ச் 16 இரவு பிரதமர் தொலைக்காட்சியில் வந்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18-ஆம் தேதியிலிருந்து யாரும் நாட்டை விட்டுப் போகக் கூடாது. இடையில் 17-ஆம் தேதி இந்தியாவும் மலேசியாவிலிருந்து வரும் பயணிகளுக்குக் கதவை மூடிவிட்டது. அந்த வாரம் சென்னையிலும் திருச்சியிலும் மாட்டிக்கொண்டு திரும்ப முடியாமல் தவித்த நம்மவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். நாங்கள் வீட்டில் இருந்தோம், அது முருகன் செயல். ஆனால் 20,520 வெள்ளி டிக்கெட்டாக மாறிக் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துவிட்டது.

அப்போது உலகம் முழுக்கப் பல விமான நிறுவனங்கள் பணமாகத் திருப்பித் தரத் தயங்கின. வேறு தேதி எடுத்துக்கோ, இல்லையென்றால் கணக்கில் வைத்துக்கோ என்றுதான் சொன்னார்கள். எங்கள் டிக்கெட்டுக்கும் அதே பதில்தான். டிக்கெட்டின் ஆயுளை இரண்டு முறை நீட்டித்தார்கள். இந்தியாவுக்கு வழக்கமான விமானங்கள் மறுபடி பறக்க ஆரம்பித்தது 2022 மார்ச் 27-ல். நம் எல்லை திறந்தது ஏப்ரல் 1-ல். 2022 டிசம்பருக்கு நாள் குறித்துக்கொண்டு பட்டர்வர்த்தில் உள்ள நம்ம ஏஜண்டு அண்ணனிடம் போனோம். அவர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "தலைக்கு 470 கூடுதல்" என்றார்.

சபையில் சொன்னோம். பேச்சே எழவில்லை. பேச்சு எழுந்திருந்தால் நல்லா இருந்திருக்கும். அமைதியாகக் கட்டிவிட்டு, வெளியே சப்பாத்துப் போடும்போது பேசிக்கொண்டார்கள். "ஒரு தேதியை அழிச்சு இன்னொரு தேதி எழுத இவ்வளவா? ஏஜண்டு பாதி, கமிட்டி பாதி." எங்களில் ஒருத்தர் காதிலேயே விழுந்தது. அவர் மறுநாள் தொண்டுக்கு வரவில்லை.

அதனால் நாங்கள் மூன்று பேர் மறுபடி ஏஜண்டிடம் போய், "அண்ணே, எங்களுக்குப் புரியற மாதிரி ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க"ன்னு உட்கார்ந்துட்டோம். இரண்டு மணி நேரம். அந்த மனுஷனுக்கு இன்றைக்கும் நன்றி சொல்லணும்.

அவர் முதலில் சொன்னது இது. டிக்கெட்டில் தேதியை மாற்றுவது என்று ஒன்று கிடையாது. பழைய டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் புது டிக்கெட் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். பழைய மோட்டாரைக் கடையில் விட்டுவிட்டுப் புது மோட்டார் எடுக்கிற மாதிரி. பழசுக்கு ஒரு மதிப்பு, புதுசுக்கு இன்றைய விலை, நடுவில் உள்ளதை நீங்கள் கட்ட வேண்டும். டிக்கெட் எண் 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் எந்த விமான நிறுவனம் என்று சொல்லும்: மலேசியா ஏர்லைன்ஸ் 232, ஏர் இந்தியா 098. தேதி மாறினால் அந்த எண்ணே மாறிவிடும். பழைய எண்ணைத் தட்டிப் பார்த்தால் "மாற்றப்பட்டது" என்று நிற்கும். புதுசாக வேறு எண் பிறந்திருக்கும். அண்ணன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது சிவப்புக் கார்பன் ஒட்டிய காகிதம், பழசைக் கத்தரித்துப் புதுசைக் கையால் எழுதுவார்களாம். 2008 ஜூனிலிருந்து காகிதம் போய்விட்டது. கணக்கு போகவில்லை.

அந்த 1,080 வெள்ளியும் ஒரே பணம் இல்லை. அதற்குள் மூன்று குடம் இருக்கிறது. அடிப்படைக் கட்டணம் 720. விமான நிறுவனம் எரிபொருள், அது இது என்று சேர்க்கிற கூடுதல் கட்டணம் 210, இதை அவர்கள் பாஷையில் ஒய்க்யூ என்கிறார்கள். மிச்சம் 150 வெள்ளி வரியும் விமான நிலையக் கட்டணமும். ஆசியானுக்கு வெளியே சாதாரண வகுப்பில் போனால் நம் அரசாங்கம் 2019 செப்டம்பரிலிருந்து வாங்குகிற 20 வெள்ளி புறப்பாட்டு வரியும் அதில்தான் அடக்கம். மாற்றும்போது ஒவ்வொரு குடமும் தனித்தனியாக அளக்கப்படும். டிசம்பர் விலை: அடிப்படை 1,050, ஒய்க்யூ 290, வரி 160. ஆக மொத்தம் 1,500. பழைய 1,080-ஐக் கழித்தால் 420. ஏஜண்டு சேவைக் கட்டணம் 50. வந்துவிட்டதா 470? கமிட்டிக்கு ஒரு சென் கிடையாது. சாதாரண காலமாக இருந்தால் இதற்கு மேல் தேதி மாற்ற அபராதம் தனி. கோவிட் என்பதால் ஒரு தடவை தள்ளுபடி கொடுத்திருந்தார்கள்.

"அதே விமானம், அதே சீட்டு, விலை மட்டும் எப்படி ஏறும்?" என்று கேட்டோம். ஒரே வரிசை நாற்காலிக்குப் பத்துப் பன்னிரண்டு விலை இருக்கிறதாம். ஒவ்வொரு விலைக்கும் ஓர் ஆங்கில எழுத்து. மலிவு எழுத்து தீர்ந்தால் அடுத்த எழுத்து. மார்ச் மாதம் நமக்குக் கிடைத்த எழுத்து டிசம்பர் பள்ளி விடுமுறையில் தீர்ந்து போயிருந்தது. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பயணமே தொடங்காத டிக்கெட்டைப் பொதுவாக இன்றைய விலையில் அளப்பார்கள். போகும் வழி பறந்துவிட்டு, திரும்பும் தேதியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் வாங்கிய அன்றைய விலைப்பட்டியலை எடுத்து அளப்பார்கள். அதனால்தான் ஊருக்குப் போனபிறகு நாலு நாள் தள்ளிப் போடுவது சில சமயம் சுலபமாக முடிகிறது.

நாங்க விடல. "அண்ணே, கொஞ்சம் பார்த்துக் கொறைச்சுப் போடக் கூடாதா?" சிரிச்சார். "நமக்கெல்லாம் ஏடிஎம்னா காசு வர்ற மெஷின். எங்க தொழில்ல ஏடிஎம்னா காசு போற காகிதம்." ஏஜண்டு கணக்கில் தவறிக் குறைவாக வாங்கினால், ஆறு மாதம் கழித்தும் விமான நிறுவனம் அந்த வித்தியாசத்துக்கு அவர் பெயரில் பில் போடும். அந்தப் பில்லுக்குத்தான் அந்தப் பெயர். கோயில் யாத்திரை என்று அவர் இரக்கப்பட்டால் அவர் பிள்ளை ஸ்கூல் காசு போய்விடும்.

இன்னொன்று சொன்னார், அதைக் கேட்டு எல்லோரும் சிரித்துவிட்டோம். 2020-ல் நாடே எம்சிஓ, எம்சிஓ என்று நடுங்கியதே, டிக்கெட் தொழிலில் அதற்கு எத்தனையோ வருஷமாக வேறு அர்த்தமாம்: மிசலேனியஸ் சார்ஜஸ் ஆர்டர். புது டிக்கெட் பழசை விட மலிவாக இருந்தால், மிச்சப் பணத்தை எழுதி வைத்துக் கொடுக்கிற சீட்டு அது. இப்போது அந்த வேலையை இஎம்டி என்ற மின்னணு ஆவணம் செய்கிறது. மிச்சம் இருந்தால் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவர்கள் நிறைய பேர்.

இனி சொல்வது எங்கள் தப்பு.

அந்த 19 பேரில் ஒரு பாட்டி. வால்டோர் பக்கம் வீடு. கச்சாங் பூத்தே விற்றுச் சேர்த்த காசைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து, ஐந்து வெள்ளி நோட்டும் பத்து வெள்ளி நோட்டுமாக எண்ணிக் கொடுத்தது. விமானமே ஏறினதில்லை. பழனி மலையில் விஞ்ச்சு வேண்டாம், படியேறித்தான் போவேன் என்று எங்களிடம் சத்தியம் வாங்கியது. 2021-ல் பாட்டி தவறிவிட்டது. காரியம் முடிந்து மகன் வந்து, "அம்மா டிக்கெட்ல நான் போகலாமா?" என்று கேட்டார். பெயரை மாற்ற முடியாது, அது உண்மை. "அப்போ காசு?" என்றார். நாங்கள், குரூப் டிக்கெட், மலிவு டிக்கெட், திரும்பாது தம்பி என்று சொல்லிவிட்டோம். யாரிடமும் விசாரிக்கவில்லை. எங்களுக்கே தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னோம்.

2022-ல் அந்த இரண்டு மணி நேரத்தில் ஏஜண்டு, "லிஸ்ட்ல 19 பேர், நீங்க 18-னு சொல்றீங்க?" என்று கேட்டார். சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் டிக்கெட்டின் விதிகளைத் திரையில் இறக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பயணி இறந்துவிட்டால், இறப்புப் பத்திரம் காட்டினால், அபராதம் இல்லாமல் திரும்பக் கொடுக்கப்படும் என்று ஒரு வரி அதில் இருந்தது. ஒரு வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

நான்கு மாதம் ஆனது, 1,080 வெள்ளி முழுசாக வந்தது. நாங்கள் எடுத்துக்கொண்டு போய் மகன் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். அவர் சொன்னார்: "காசு போச்சுன்னு நான் நெனைக்கலண்ணே. கோயில்தான் எடுத்துக்கிச்சுன்னு நெனைச்சேன். அம்மா காசு கோயிலுக்குப் போனா போகட்டும்னு விட்டுட்டேன்." திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

அதற்குப் பிறகு கமிட்டியில் ஒரு வழக்கம் வைத்தோம். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லி, ஏஜண்டிடம் அந்த விதியின் வரியையே அச்சடித்து வாங்குவது. எல்லா டிக்கெட்டிலும் அந்த இறப்பு வரி இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறோம். திரும்பாத டிக்கெட்டாகவே இருந்தாலும், பறக்காதவர் விமான நிலையக் கட்டணத்தைக் கேட்டு வாங்கலாம். கொஞ்சக் காசுதான், ஆனால் அது உங்கள் காசு.

போன யாத்திரையில் ஒரு தம்பதி செய்ததையும் சொல்லணும், பெயர் வேண்டாம். மகள் வீடு கோலாலம்பூரில், அங்கேயே இருக்கிறோம், பினாங்கிலிருந்து ஏற வேண்டியதில்லை, நேரே சென்னை விமானத்தில் ஏறிக்கொள்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். முதல் துண்டைப் பறக்காவிட்டால் மற்ற துண்டுகள் எல்லாம் ரத்து. டிக்கெட்டை வரிசையாகத்தான் பயன்படுத்த வேண்டும். கவுண்டரில் அக்கா அழுததைப் பார்க்க முடியவில்லை. கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணியிருந்தால் மாற்றியிருக்கலாம், காசு கட்டி. கிளம்பின பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

இந்தத் தடவை பாயான் லெப்பாஸிலிருந்தே சென்னைக்கு நேரே போகலாம் என்று யோசனை. இண்டிகோ 2024 டிசம்பர் 21-லிருந்து அந்தத் தடத்தில் பறக்கிறது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து இரண்டாவது பாலம் ஏறினால் விமான நிலையம் பக்கம். வயசானவர்களுக்குக் கோலாலம்பூரில் மாறும் அலைச்சல் மிச்சம்.

சட்டமும் கொஞ்சம் நமக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. நீங்களாக மாற்றினால் மேலே சொன்ன கணக்கு. விமான நிறுவனமே ரத்து செய்தால் கணக்கே வேறு: வேறு விமானம், இல்லையென்றால் பணம், தேர்வு உங்களுடையது. வித்தியாசம் என்று ஒரு காசு கட்டாதீர்கள். நம் நாட்டு விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிமுறையில் 2024 செப்டம்பர் 2 முதல், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், கட்டின வழியிலேயே பணமாகத் தர வேண்டும் என்று வந்துவிட்டது. புகார்களை முன்பு பார்த்த மாவ்கோம் 2025 ஆகஸ்டு 1 முதல் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு சேர்ந்துவிட்டது. இனி அங்கேதான் எழுத வேண்டும்.

குரூப் டிக்கெட்டில் ஒருத்தர் மட்டும் தேதி மாற்றினால் அவரைக் குரூப்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். பிரிந்தவுடன் குரூப் விலை போய்விடும். "எனக்கு மட்டும் ரெண்டு நாள் முன்னாடி" என்பவர்கள் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், தனியாக எடுத்துவிடலாம்.

வருகிற வெள்ளி மாலை பூஜைக்குப் பிறகு மண்டபத்தில் பெயர் எடுக்கிறோம். அடையாள அட்டை வேண்டாம், பாஸ்போர்ட் கொண்டு வாங்க. வீட்டில் கூப்பிடுகிற பெயர், கோயில் அர்ச்சனைப் பெயர் எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து எழுத்தாக, அ/லெ, அ/பெ எப்படி இருக்கிறதோ அப்படியே நகல் எடுத்து ஏஜண்டிடம் கொடுப்போம். டிக்கெட் அடித்த அன்றைக்கே ஒவ்வொருவருக்கும் அனுப்பிவிடுவோம், மூன்று குடத்தின் கணக்கோடு. அன்று இரவுக்குள் பெயரில் தப்பு கண்டுபிடித்துச் சொன்னால் பெரும்பாலும் செலவில்லாமல் ரத்து செய்து மறுபடி அடிக்கலாம். மறுநாள் ஆகிவிட்டால் முடியாது. அதனால் கண்ணாடி போட்டுப் பாருங்கள், பேரப்பிள்ளையை விட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் அன்று இரவு பன்னிரண்டு மணி வரை போனை அணைக்க மாட்டோம்.